நார்த் எண்டுக்கு சாப்பிடப் போகாதீங்க, சாமான் வாங்கப் போங்க

ஜூன் 8 – பர்லிங்டன்லேருந்து ஒருத்தர் போட்ட கேள்வி

பாஸ்டன்ல இத்தாலியன் ஏரியான்னு சொல்ற நார்த் எண்டுக்கு ஏன் இவ்ளோ பில்டப்புன்னு யாராவது சொல்லுங்க. சனிக்கிழமை ராத்திரி ஹானோவர் ஸ்ட்ரீட்ல ஒரு ரெஸ்டாரண்ட் வாசல்ல ஒன்றரை மணி நேரம் லைன்ல நின்னோம், இடுக்கி இடுக்கி போட்ட டேபிள்ல உக்கார வச்சாங்க, பாஸ்தா வந்து சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள பில்லை வச்சுட்டாங்க. வைஃப் வெஜிடேரியன், அவளுக்கு மெனுல ரெண்டே ஐட்டம். சுத்தி பாத்தா எல்லாம் டூரிஸ்ட்டு, இத்தாலிக்காரங்க ஒருத்தரையும் காணோம். அடுத்த மாசம் கோயம்புத்தூர்லேருந்து அப்பா அம்மா வர்றாங்க. அவங்களையும் கூட்டிட்டுப் போகணுமா, விட்டுடலாமா?

ஜூன் 8, மத்தியானம்

கூட்டிட்டுப் போங்க. நீங்க போன நேரம் சரியில்ல, தெருவும் சரியில்ல, அவ்ளோ தான்.

நான் யார் கேட்டாலும் சொல்றது ஒண்ணு தான்: நார்த் எண்டுக்கு சாப்பிடப் போகாதீங்க, சாமான் வாங்கப் போங்க. சாப்பிடப் போனா உங்களுக்கு ஒரு நாற்காலியும் பில்லும் தான் கிடைக்கும், சாமான் வாங்கப் போனா கடைக்காரர் உங்ககிட்ட பேசுவாரு, "என்ன சமைக்கப் போறீங்க"ன்னு கேப்பாரு, அந்தப் பேச்சுல தான் அந்த ஊரே இருக்கு.

வெள்ளிக்கிழமை காலைல ஆரஞ்சு லைன் ட்ரெயினோ கிரீன் லைன் ட்ரெயினோ பிடிச்சு ஹேமார்க்கெட்ல இறங்குங்க. வெள்ளி, சனி ரெண்டு நாளும் பிளாக்ஸ்டோன் ஸ்ட்ரீட்ல திறந்தவெளி காய்கறிச் சந்தை நடக்கும், கத்திரிக்கா எலுமிச்சை கொத்தமல்லி எல்லாம் சூப்பர்மார்க்கெட்டை விட ரொம்ப சல்லிசு, ஆனா அன்னிக்கே இல்ல மறுநாளே சமைச்சிடணும். அங்கேருந்து கிரீன்வே பூங்காவைத் தாண்டுனா சேலம் ஸ்ட்ரீட், உச்சரிப்பும் நம்ம சேலம் மாதிரியே தான், அப்பா ரசிப்பாரு. அந்தத் தெருவுல பார்மென்டர் ஸ்ட்ரீட் முனைல போல்காரிஸ் காபி, 1932லேருந்து இருக்கற கடை. உள்ள போனதும் காபிக்கொட்டை வாசனையோட சோம்பு, மிளகு, ஆரிகனோ எல்லாம் சேந்து வரும், பீன்ஸும் பருப்பும் எடை போட்டுத் தருவாங்க. வெயில் காலத்துல வாசல்ல லெமன் ஸ்லஷ் விப்பாங்க. இன்னும் கொஞ்சம் போனா போவா பேக்கரி, ராத்திரி ரெண்டு மணிக்கும் ரொட்டி கிடைக்கும்னு பேரெடுத்த கடை. ரிச்மண்ட் ஸ்ட்ரீட்ல சலுமேரியா இத்தாலியானா, சீஸும் பதப்படுத்துன கறியும் விக்கற கடை, 1962. பத்தே முக்கால் பதினொரு மணிக்கு ஹானோவர்ல கல்லேரியா உம்பெர்த்தோ வாசலுக்குப் போயிடுங்க. சதுர சதுரமா வெட்டுன சிசிலி பீட்சா, மதியம் மட்டும் தான், சரக்கு தீந்தா கடையை மூடிடுவாங்க. காசா வச்சுக்கோங்க, கார்டு நடக்காது. 2018ல அவங்களுக்கு ஜேம்ஸ் பியர்ட் ஃபவுண்டேஷன் "அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்" விருது குடுத்தாங்க, அப்புறமும் பேப்பர் தட்டு தான், பிளாஸ்டிக் ட்ரே தான்.

ஜூன் 8, ராத்திரி

சலுமேரியால எப்படி வாங்கறதுன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. கூச்சப்படாதீங்க. பர்மஜானோ சீஸ் கேட்டா பெரிய சக்கரம் மாதிரி இருக்கற கட்டிலேருந்து வெட்டித் தருவாங்க, எத்தனை மாசம் ஊறுனதுன்னு கேளுங்க, ஒரு துண்டு வாயில போட்டுப் பாக்கக் குடுப்பாங்க. 24 மாசத்துது வெறுமனே கடிச்சுத் திங்க நல்லா இருக்கும், கடிச்சா நறநறன்னு உப்பு மாதிரி ஒண்ணு தட்டுப்படும், அது உப்பு இல்ல, பால்ல இருக்கற புரதம் உடைஞ்சு படிகமா ஆனது. நல்லா முத்துன சீஸுக்கு அடையாளம்.

கறி சாப்பிடறவங்க புரோஷூட்டோ (உப்புப் போட்டு உலர்த்துன பன்னித் தொடைக் கறி) கால் பவுண்டு வாங்குனா போதும், ஆனா கண்ணாடி மாதிரி மெல்லிசா சீவச் சொல்லுங்க. இத்தாலில பார்மாங்கற ஊர்லேருந்து வர்ற அசல் புரோஷூட்டோவை அமெரிக்கால 1989 வரைக்கும் இருபது வருஷத்துக்கு மேல இறக்குமதி பண்ண விடல, பன்னிங்களுக்கு வர்ற ஒரு தொத்து நோய் பயம். அதாவது இங்க குடியேறுனவங்க பேரப்பிள்ளைங்க நிறைய பேர் அசலைப் பாக்காமலே வளந்திருக்காங்க. பெரியவங்க அந்தக் கவுன்டர்ல நின்னு ஒரு துண்டை வாங்கி வாயில போட்டுட்டு பேசாம நிக்கறதை நான் பாத்திருக்கேன், இந்தக் கணக்கு தெரிஞ்சப்புறம் தான் அதோட அர்த்தம் எனக்கு உறைச்சுது.

ஜூன் 10

வெஜிடேரியன் விஷயம். இதை விரிவாவே எழுதறேன், ஏன்னா நம்மாளுங்க நிறைய பேர் இதுல ஏமாறுறாங்க. "சீஸ் தானே, பால் தானே" அப்படின்னு நினைக்காதீங்க.

அசல் பர்மஜானோ ரெஜ்ஜானோல கன்னுக்குட்டி வயித்துலேருந்து எடுக்கற ரென்னெட் போட்டுத் தான் பாலைத் திரிய வைக்கணும், அது அவங்க சட்டத்துலயே இருக்கு, வேற வழியில செஞ்சா அந்தப் பேரையே வைக்க முடியாது. பெக்கொரினோ ரொமானோல ஆட்டுக்குட்டி ரென்னெட். ஆக கண்டிப்பான சைவம்னா ரெண்டும் கிடையாது. ஃப்ரெஷ் மொசரெல்லால கடைக்குக் கடை மாறும், கேட்டுத் தெரிஞ்சுக்கணும். கனோலிங்கறது குழல் மாதிரி பொரிச்ச ஓட்டுக்குள்ள ரிக்கோட்டாங்கற இளசான சீஸை இனிப்பா நிரப்புன பலகாரம், அந்த ஓட்டு மாவுல பாரம்பரியமா பன்னிக் கொழுப்பும் (லார்டு) மார்சாலா ஒயினும் சேப்பாங்க, சில பேக்கரில இப்போ வனஸ்பதியோ எண்ணெயோ போடறாங்க, அதையும் கேக்கணும். "ஐ ஆம் வெஜிடேரியன்"னு மொட்டையா சொன்னா "அப்போ சிக்கன் சூப் ஓகேவா"ன்னு கேக்கற இடம் உண்டு. "இதுல லார்டு இருக்கா, இந்த சூப் எந்தத் தண்ணில கொதிச்சது"ன்னு பொருளைச் சொல்லிக் கேளுங்க, கவுன்டர்ல இருக்கறவங்க உள்ள போய் விசாரிச்சுட்டே வந்து சொல்வாங்க.

உம்பெர்த்தோல அரஞ்சினி வாங்கிடாதீங்க. உருண்டையா, பொன்னிறமா, அரிசி உருண்டைன்னு சொல்வாங்க, பாத்தா ஆசையா இருக்கும், உள்ள கொத்துக்கறியும் பட்டாணியும். பீட்சா எடுத்துக்கோங்க, உருளைக்கிழங்கு பான்சரோட்டி எடுத்துக்கோங்க.

ரொட்டிக்கு ஸ்காலி. மேல வெள்ளை எள்ளு தூவி பின்னல் போட்ட மாதிரி இருக்கும், பாஸ்டன் இத்தாலியன் பேக்கரிங்களோட ரொட்டி இது, வேற ஊர்ல கேட்டா முழிப்பாங்க. அம்மாவுக்கு இதை வாங்கிக் குடுங்க, சூடா இருந்தா வீடு வரைக்கும் முழுசா வராது.

ஜூன் 11

கனோலி வாங்க மைக்ஸ் பேக்கரியா மாடர்ன் பேக்கரியான்னு கேட்டு மூணு பேர் எழுதிட்டாங்க, இந்தக் கேள்வி இல்லாம நார்த் எண்ட் பத்தி யாராலயும் பேச முடியாது போல. எனக்கு மாடர்ன். காரணம் ஒண்ணே ஒண்ணு: நீங்க கேட்டப்புறம் தான் ஓட்டுக்குள்ள ரிக்கோட்டாவை நிரப்புவாங்க. முன்னாடியே நிரப்பி வச்சா ரிக்கோட்டா ஈரத்தை ஓடு குடிச்சு நமுத்துப் போயிடும், கனோலியோட உயிரே அந்த மொறுமொறுப்பு தான். மைக்ஸ் 1946, மாடர்ன் 1930, ரெண்டும் பழசு தான், அதனால வயசை வச்சு சண்டை போடாதீங்க. மைக்ஸ்ல வகை அதிகம், நூல் கட்டுன அந்த வெள்ளை டப்பாவோட ஏர்போர்ட்ல போறவங்களை எல்லாரும் பாத்திருப்பீங்க.

ஆனா என் மனசுல கனோலிக்கு ரெண்டாவது இடம் தான். ஸ்ஃபோல்யாத்தெல்லா வாங்குங்க. சிப்பி மாதிரி அடுக்கடுக்கா இருக்கும், உள்ள ரவையை வேகவச்சு ரிக்கோட்டாவும் சர்க்கரையும் ஆரஞ்சுத் தோல் துண்டும் சேத்த பூரணம். ரவா கேசரிக்கு ஒண்ணு விட்ட தங்கச்சி. நான் முதல் தடவை கடிச்சப்போ இது எனக்கு முன்னாடியே தெரிஞ்ச ருசியாச்சேன்னு தான் தோணுச்சு. இதுலயும் லார்டு உண்டு, மேல சொன்னபடி கேட்டுக்கோங்க.

ஜூன் 15

"இத்தாலிக்காரங்க ஒருத்தரையும் காணோம்" அப்படிங்கறதுக்கு இன்னும் பதில் சொல்லல, அது மனசுல உறுத்திட்டே இருந்துது.

அந்த ஏரியா எப்பவுமே யாராவது வந்து இறங்கற இடம் தான். 1840கள்ல பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ்காரங்க. ஜனாதிபதி கென்னடியோட அம்மா ரோஸ் 1890ல பொறந்தது அங்க கார்டன் கோர்ட் தெருவுல. அப்புறம் கிழக்கு ஐரோப்பா யூதர்கள், சேலம் ஸ்ட்ரீட் பூரா அவங்க கடை, ஜெருசலேம் பிளேஸ்னு ஒரு சந்து இன்னமும் இருக்கு. இத்தாலிக்காரங்கள்ல முதல்ல ஜெனோவாக்காரங்க, பின்னாடி நேப்பிள்ஸ் பக்கம், அவெல்லினோ, அப்ருட்சோ, சிசிலி. ஒவ்வொரு ஊர்க்காரங்களும் ஒரு தெருவைப் பிடிச்சுக்கிட்டாங்க, சிசிலி மீனவங்க நார்த் ஸ்ட்ரீட் பக்கம். 1930 வாக்குல அநேகமா மொத்த ஏரியாவும் இத்தாலியன், ஒரு சதுர மைலுக்கும் குறைஞ்ச இடத்துல 40,000 பேருக்கு மேல.

பால் ரெவியர் வீட்டுக்கு எல்லாரும் போறீங்க, 1680 வாக்குல கட்டுனது, அமெரிக்கச் சுதந்திரப் போர்ல அவர் பேர் வாங்குன கதை எல்லாம் கேட்டுட்டு வர்றீங்க. அதே வீடு 1900 சமயத்துல எப்படி இருந்துதுன்னு பழைய போட்டோ இருக்கு, தேடிப் பாருங்க. கீழ் தளத்துல சுருட்டுக் கம்பெனி, பக்கத்துல பாங்கா இத்தாலியானான்னு போர்டு, மேல வாடகைக் குடித்தனம். 1902ல இடிக்கறதுக்கு இருந்ததை ரெவியரோட வம்சத்துல வந்தவரு வாங்கிக் காப்பாத்துனாரு, 1908ல மியூசியம் ஆச்சு. அப்போ புதுப்பிக்கறோம்னு அந்த இத்தாலியன் போர்டை எல்லாம் எடுத்துட்டாங்க, எனக்கு இதுல வருத்தம் உண்டு. அந்த பாங்க்குல காசு போட்டு ஊருக்கு அனுப்புன கூலிக்காரங்களும் அந்த வீட்டோட சரித்திரம் தானே.

இப்போ அங்க குடியிருக்கறது பெரும்பாலும் ஆபீஸ் போற சின்ன வயசுக்காரங்க, வாடகை அப்படி. பழைய குடும்பங்க மெட்ஃபோர்ட், ரிவியர், சாகஸ்னு போயிட்டாங்க. ஆனா சனிக்கிழமை காலைல திரும்ப வருவாங்க, ரொட்டிக்கு, சாசேஜுக்கு, முடி வெட்ட. ராத்திரி லைன்ல நிக்கற கூட்டத்துல அவங்களைத் தேடுனா எப்படிக் கிடைப்பாங்க.

ஜூன் 16

மேல வாடகைன்னு எழுதுனதும் ஒருத்தர் "ஹைவேயை இடிச்சதால தான் விலை ஏறுச்சு, இடிக்காம விட்டிருக்கணும்"னு போட்டிருக்காரு. இதை யோசிச்சுட்டு இருக்கேன்.

1950கள்ல சென்ட்ரல் ஆர்ட்டரின்னு பச்சைக் கலர்ல ஒரு மேம்பாலச் சாலை கட்டி, நார்த் எண்டையும் மத்த ஊரையும் ரெண்டாப் பிரிச்சாங்க. வீடு கடைன்னு எவ்ளோவோ இடிஞ்சுது. ஐம்பது வருஷம் கழிச்சு பிக் டிக் திட்டத்துல ரோட்டை பூமிக்கடியில கொண்டு போய், பாலத்தை எடுத்துட்டு, 2008ல கிரீன்வே பூங்கா திறந்தாங்க. அந்தப் பாலம் ஒரு மதில் மாதிரி நின்னு டவுன்டவுன் பணத்தை உள்ள விடாம தடுத்துது, அதனால தான் ஏரியா இத்தாலியனாவே நீடிச்சுதுன்னு அங்க பெரியவங்களும் சொல்வாங்க. அதுல உண்மை இருக்கு. ஆனா அந்தப் புகையையும் சத்தத்தையும் அவங்க பிள்ளைங்க தான் சுவாசிச்சாங்க, அதை நல்லதுன்னு என்னால எழுத முடியாது. இதுக்குப் பக்கத்துலயே இருந்த வெஸ்ட் எண்டைப் பாருங்க, அதுவும் இத்தாலியர்களும் யூதர்களும் கலந்து வாழ்ந்த ஏரியா, சேரின்னு முத்திரை குத்தி 1958லேருந்து மொத்தமா தரைமட்டமாக்கிட்டாங்க, ஆயிரக்கணக்கான பேர் தெருவுக்கு வந்தாங்க. நார்த் எண்டும் பாங்க்காரங்க கணக்குல சேரி தான். யாரும் கடன் குடுக்காத காலத்துல, கொத்தனாரும் தச்சரும் பிளம்பரும் சொந்தக்காரங்களா இருந்ததால ஒருத்தர் வீட்டை ஒருத்தர் சரி பண்ணிக்கிட்டு வாழ்ந்தாங்க. பாலம் காப்பாத்துச்சுன்னு சொல்றதை விட இவங்க கை காப்பாத்துச்சுன்னு சொல்றது தான் எனக்கு சரியாப் படுது.

ஜூன் 16, ராத்திரி

மாஃபியா பத்திக் கேட்டவருக்கு: ஆமா இருந்துது, பிரின்ஸ் ஸ்ட்ரீட் 98ஆம் நம்பர்ல இருந்த ஆபீஸ்ல 1981ல எஃப்பிஐ ஒட்டுக்கேக்கற கருவி வச்சாங்க, அதுல கிடைச்சதை வச்சு அந்தக் கும்பல் தலைவங்களை ஜெயிலுக்கு அனுப்புனாங்க. இத்தாலியன் ஏரியான்னா உடனே இதைத் தான் கேக்கணுமா? அதே பிரின்ஸ் ஸ்ட்ரீட்ல தான் 1912ல பிரின்ஸ் மக்ரோனி கம்பெனி ஆரம்பிச்சுது, பார்சியாலே பேக்கரி 1907லேருந்து ரொட்டி சுடுது. அதை யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.

ஜெயில் கதை தான் வேணும்னா இத்தாலிலேருந்து வந்த சாக்கோ, வன்செட்டி பத்திப் படிங்க. ஒருத்தர் செருப்புத் தொழிலாளி, இன்னொருத்தர் மீன் வியாபாரி, ரெண்டு பேரும் அரசாங்கமே வேணாம்னு சொன்ன அனார்க்கிஸ்ட்டுங்க. கொலை வழக்குல நியாயமான விசாரணை இல்லாம 1927 ஆகஸ்ட் 23ல மின்சார நாற்காலில கொன்னாங்க. அவங்களுக்காகப் போராடுன கமிட்டியோட ஆபீஸ் ஹானோவர் ஸ்ட்ரீட்ல இருந்துது, இறுதி ஊர்வலமும் அதே ஹானோவர் வழியா தான் போச்சு, மழைல ஆயிரக்கணக்கான பேர் நடந்தாங்க. 1977ல மாசசூசெட்ஸ் கவர்னர் டுகாகிஸ் "அவங்களுக்கு நடந்த விசாரணை நியாயமா நடக்கல"ன்னு பிரகடனமே வெளியிட்டாரு. இப்போ அந்தத் தெருவுல டிராமிசு இனிப்பு வாங்க லைன்ல நிக்கறோம்.

ஜூன் 22

அப்பா அம்மாவுக்கு நடக்க முடியும்னா சாப்பிட்டப்புறம் கமர்ஷியல் ஸ்ட்ரீட் இறங்கி லாங்கோன் பார்க் போங்க, தண்ணி ஓரம் காத்து நல்லா வரும், பெரியவங்க போச்சே விளையாடுவாங்க, உருண்டையை உருட்டி குட்டிப் பந்து பக்கத்துல நிறுத்தற ஆட்டம். அப்பா அரை மணி நேரம் அங்கயே நின்னுடுவாரு.

அந்த இடத்துல தான் 1919 ஜனவரி 15ல மொலாசஸ் தொட்டி வெடிச்சுது. ஐம்பது அடி உசர இரும்புத் தொட்டி, 23 லட்சம் காலன் வெல்லப்பாகு, மத்தியானம் திடீர்னு பிளந்து தெருவுல அலையா வந்து 21 பேரை முழுங்குச்சு, 150 பேருக்கு அடி. கேக்க ஏதோ வேடிக்கை மாதிரி இருக்கும், சில பேர் மேல சிரிச்சு எமோஜி போட்டிருக்கீங்க, வேணாம். தொட்டி கட்டுன நாள்லேருந்தே ஒழுகிச்சு, பிள்ளைங்க டப்பாவோட வந்து ஒழுகுனதைப் பிடிச்சுட்டுப் போவாங்க, கம்பெனி ஓட்டையை அடைக்கறதுக்குப் பதிலா ஒழுகல் தெரியாம இருக்கத் தொட்டிக்குப் பழுப்பு பெயின்ட் அடிச்சுது. வெடிச்சப்புறம் அனார்க்கிஸ்ட்டுங்க குண்டு வச்சாங்கன்னு பழியைப் போட்டுது. வருஷக்கணக்கா கேஸ் நடந்து கடைசில கம்பெனி மேல தான் தப்புன்னு தீர்ப்பு. செத்தவங்கள்ல பத்து வயசுப் பிள்ளைங்க உண்டு, விறகு பொறுக்கப் போனவங்க. அங்க ஒரு சின்னப் பலகை தான் வச்சிருக்காங்க, தேடித் தான் பாக்கணும்.

ஜூலை 2

"இத்தாலில சிக்கன் பார்மே கிடையாது, இங்க விக்கறது எல்லாம் போலி"ன்னு மிலான் போயிட்டு வந்த ஒருத்தர். கோழியை வறுத்து தக்காளியும் சீஸும் போடறது தான் சிக்கன் பார்ம். கிடையாது தான். அதுக்காகப் போலின்னு சொல்லாதீங்க.

வந்தவங்க தெக்கத்தி இத்தாலி ஏழைங்க. அங்க கறிங்கறது திருவிழாவுக்குத் தான், கத்திரிக்காயைத் தட்டு தட்டா வறுத்து தக்காளியும் சீஸும் போட்டு அடுக்குவாங்க, அதான் பார்மிஜானா. பாஸ்டன் வந்தா கூலியும் கொஞ்சம் கூட, கறியும் மலிவு. கத்திரிக்கா இருந்த இடத்துல கன்னுக்குட்டிக் கறி வந்துது, அப்புறம் கோழி வந்துது. ஞாயித்துக்கிழமை காலைல பெரிய பாத்திரத்துல தக்காளியைப் போட்டு மீட்பால், சாசேஜ், சுருட்டிக் கட்டுன பிராச்சோலே எல்லாத்தையும் அதுலயே மணிக்கணக்கா கொதிக்க விட்டாங்க. ஊர்ல அரைப்பட்டினி கிடந்தவங்க வாரா வாரம் வீடு பூரா கறி வாசனை வர சமைச்சாங்க, இதைப் போலின்னா எதை அசல்னு சொல்வீங்க? அவங்க அதிகமாப் போட்ட சீஸ்லயும் கறிலயும் எனக்குத் தெரியறது பசி போன சந்தோஷம்.

உங்க வைஃபுக்கு: கத்திரிக்கா பார்மிஜானா கேளுங்க, சீஸ் விஷயம் மேல எழுதியிருக்கேன், அது ஓகேன்னா இதை விட நல்ல சாப்பாடு அங்க இல்ல.

ஜூலை 3

போல்காரிஸ் காபி ஃபில்டர்ல இறங்குமான்னு கேட்டிருக்கீங்க. இறங்கும். எஸ்பிரெஸோ அரைப்பு வேணாம், ரொம்ப நைஸ், அடைச்சுக்கும். அதை விட ஒரு சுத்து கொரகொரப்பா அரைச்சுத் தரச் சொல்லுங்க, டார்க் ரோஸ்ட்டும் மீடியமும் பாதிப் பாதி கலந்து வாங்குங்க. சிக்கரி இல்லாம டிகாக்ஷன் கொஞ்சம் தண்ணியா தான் வரும், அதனால பொடி கூட ஒரு ஸ்பூன். எங்க வீட்டுல இப்போ இது தான் ஓடுது.

ஜூலை 20

ரெஸ்டாரண்ட் பக்கமே போகாதீங்கன்னு நான் எழுதுனது நியாயமில்லன்னு அங்க வேலை பாக்கற ஒருத்தர் நீளமா எழுதியிருக்காரு. படிச்சேன், ரெண்டு நாள் அதையே நினைச்சுட்டு இருந்தேன். அவர் சொல்றது: அந்தக் கூட்டம் வர்றதால தான் தெருவே உயிரோட இருக்கு, ரொட்டிக் கடைல மூட்டை மூட்டையா வாங்கறதும் அந்த ரெஸ்டாரண்ட்டுங்க தான், நீங்க வாங்கற ஒரு ஸ்காலியை வச்சு அடுப்பு எரியாது. இது சரி. இதை மறுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல.

அதே சமயம் அங்க குடியிருக்கறவங்க பக்கமும் இருக்கு. கோவிட் சமயத்துல ரோட்டுல டேபிள் போட விட்டாங்க, 2022ல நார்த் எண்ட் ரெஸ்டாரண்ட்டுங்க மட்டும் 7,500 டாலர் கட்டணும்னு நகராட்சி சொல்லுச்சு, 2023ல ரோட்டுல டேபிளே கூடாதுன்னுட்டாங்க, கோர்ட் வரைக்கும் போச்சு. ஓனருங்க "எங்களை மட்டும் ஏன்"னு கேட்டாங்க, குடியிருக்கறவங்க "குப்பை, எலி, சத்தம், ஆம்புலன்ஸ் போக வழியில்ல"ன்னு சொன்னாங்க. அவ்ளோ குறுகலான தெருவுல ரெண்டுமே நிஜம். எனக்கு குடியிருக்கறவங்க பக்கம் தான் மனசு சாயுது, ஏன்னா குடியிருக்கறவங்க போயிட்டா காலைல சாமான் வாங்க யார் வருவாங்க.

அதனால கொஞ்சம் மாத்திச் சொல்றேன்: காலைல சாமான், மதியம் சாப்பாடு, சாயங்காலத்துக்குள்ள வீடு. மீன் சாப்பிடறவங்க டெய்லி கேட்ச்ல கணவாய் மை போட்ட கறுப்பு பாஸ்தா சாப்பிடுங்க, 1973லேருந்து இருக்கற ஒத்தை ரூம் கடை, அடுப்பு கண்ணு முன்னாடி, வாணலியோடயே கொண்டு வந்து வைப்பாங்க. பீட்சான்னா தாச்சர் ஸ்ட்ரீட் ரெஜினா, 1926, கதவு நம்பரே பதினொன்றரை. வாரநாள் மதியம் போனா லைன் சின்னதா இருக்கும்.

ஆகஸ்ட் 19

நேத்து ஃபிஷர்மென்ஸ் ஃபீஸ்ட் கடைசி நாள், போயிட்டு வந்தேன், இன்னும் காதுல பேண்ட் சத்தம். சிசிலில ஷாக்காங்கற மீனவ ஊர்லேருந்து வந்தவங்க 1910 வாக்குல ஆரம்பிச்ச மாதா திருவிழா. சிலையைத் தோள்ல தூக்கிட்டு தெருத் தெருவா போவாங்க, வீட்டு வாசல்ல நிறுத்துவாங்க, ஜனங்க டாலர் நோட்டை ரிப்பன்ல குத்துவாங்க. கடைசி நாள் ராத்திரி நார்த் ஸ்ட்ரீட்ல ஒரு சின்னப் பொண்ணுக்கு ஏஞ்சல் வேஷம் போட்டு, மூணாவது மாடி ஜன்னல்லேருந்து கயித்துல கட்டி தெருவுக்கு மேல இறக்குவாங்க, அவ அந்தரத்துல நின்னு மாதாவைப் பாத்து இத்தாலியன்ல மனப்பாடமா பேசுவா. அவ்ளோ கூட்டமும் கப்சிப்னு ஆயிடும். பேசி முடிச்சதும் மேலேருந்து கலர் பேப்பர் கொட்டும். கயித்தைப் பிடிச்சு இழுக்கறவங்க எல்லாம் அதே குடும்பங்க, மெட்ஃபோர்ட்லேருந்தும் சாகஸ்லேருந்தும் வந்தவங்க. இத்தாலிக்காரங்களைக் காணோம்னு சொன்னவங்க இந்த ஒரு ராத்திரி வந்து நிக்கணும்.

மாசக் கடைசில அந்தோணியார் திருவிழா, 1919லேருந்து, மொந்தெஃபல்சோனே ஊர்க்காரங்க நடத்தறது, ஞாயித்துக்கிழமை ஊர்வலம் மத்தியானத்துலேருந்து ராத்திரி வரைக்கும் போகும். கச்சத்தீவுல நம்ம ரெண்டு கரை மீனவங்களும் கூடி கும்பிடறாங்களே, அதே பதுவை அந்தோணியார் தான். முன்ன ஒரு தடவை ராமநாதபுரம் பக்கத்து நண்பர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போயிருந்தேன், அவர் யாரையும் எதுவும் கேக்கல, கூட்டத்துல புகுந்து சிலையைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்துட்டாரு. பக்கத்துல இருந்த பாட்டி அவருக்கு வழி விட்டாங்க.

ஆகஸ்ட் 21

கேள்வி கேட்டவர் அப்பா அம்மாவோட போயிட்டு வந்து எழுதியிருக்காரு, சந்தோஷம். அம்மாவுக்கு லெமன் ஸ்லஷ் பிடிச்சுதாம், அப்பா போச்சே ஆடறவங்களோட பேச்சுக் குடுத்து ஒரு உருண்டையும் உருட்டிட்டாராம். ரிக்கோட்டா டப்பா பாதி மீதி இருக்கு, எத்தனை நாள் தாங்கும்னு கேட்டிருக்கீங்க. திறந்தப்புறம் நாலஞ்சு நாள் தான், மேல தண்ணி பிரிஞ்சு நின்னா வடிச்சுடுங்க, புளிப்பு வாசனை வந்தா தூக்கிப் போட்டுடுங்க. ஃப்ரீசர்ல வச்சா திப்பி திப்பியா ஆயிடும், கனோலிக்கு ஆகாது, லசானியால போடலாம். பர்மஜானோ தோலைத் தூக்கிப் போடாதீங்க, பீன்ஸ் சூப் கொதிக்கறப்போ ஒரு துண்டு போட்டு கடைசில எடுத்துடுங்க.

கார்ல போறவங்க உள்ள தெருவுல நிறுத்த இடம் தேடாதீங்க, எல்லாம் அங்க குடியிருக்கறவங்களுக்கு, கண்டிப்பா அபராத டிக்கெட் வரும். ஹேமார்க்கெட் ஸ்டேஷன் மேலயே கராஜ் இருக்கு. அடுத்து அங்க போக நல்ல நாள் மார்ச் 19, சூசையப்பர் திருநாள், அன்னிக்கு பேக்கரிங்கள்ல கிரீம் வச்ச ஜெப்போலேங்கற பலகாரம் போடுவாங்க. முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லி வச்சுடுங்க.